ஹெச். ஸ்மித்



அண்ணன் நினைவுச் சொற்பொழிவில் இந்த ஆண்டு ஒரு ரயில் சுரங்கப்பாதையைப் பற்றிப் பேசப்போகிறேன். அது இருப்பது அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில். இலக்கிய மேடையில் ரயிலுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஏரி, மதகு, பாலம் எதைப் பார்த்தாலும் "வெட்டுனவன் பேரு என்னப்பா?" என்று கேட்பார் அண்ணன். அந்தக் கேள்வியைத்தான் அங்கே கொண்டுபோகிறேன். கறுப்பின மக்களின் கதை நமக்கு அயல் கதையும் அல்ல. 1946-இல் அம்பேத்கர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதிய நாளுக்கும் முந்தைய உறவு அது.

ரிச்மண்டில் சர்ச் ஹில் என்றொரு மேடு. அதன் மேலுள்ள தேவாலயத்தில்தான் 1775-இல் பேட்ரிக் ஹென்றி விடுதலை வேண்டும், இல்லையேல் சாவு வேண்டும் என்று முழங்கியதாகச் சொல்கிறார்கள். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். மேட்டுக்கு அருகே, தாழ்வில், ஷாக்கோ பாட்டம். நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாக அந்த நாட்டின் பெரிய அடிமைச் சந்தை அங்கே நடந்தது. 1865-இல் சந்தை முடிந்தது. ஏழு ஆண்டு கழித்து, 1872-இல், செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வே இந்த மேட்டைக் குடையத் தொடங்கியது. ஜேம்ஸ் ஆற்றுத் துறைக்குத் தண்டவாளம் போக வேண்டும்.

நீளம் ஏறக்குறைய 4,000 அடி. பாறையைக் குடைவதுதான் கடினம் என்று நினைக்கிறோம். ஆனால் பாறை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். இங்கே இருந்தது நீலக் களிமண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கரிசல்காட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலை நடக்கும்போதே சரிந்து சரிந்து ஆட்களைக் கொன்றது. 1873-இல் முடித்தார்கள். 1901-இல் ஆற்றோரமாக மேம்பாலப் பாதை வந்ததும் சுரங்கம் கேட்பாரற்றுப் போனது.

சரக்குப் போக்குவரத்து கூடியதால் 1925-இல் அதைப் பழுதுபார்த்துப் பெரிதாக்க ஆள் இறக்கினார்கள். அக்டோபர் 2, பிற்பகல். 231-ஆம் எண் எஞ்சின் பத்துத் தட்டைப் பெட்டிகளோடு உள்ளே நிற்கிறது. கூரையிலிருந்து செங்கல் உதிர்கிறது. விளக்குகள் அணைகின்றன. கூரை இறங்குகிறது. கூலியாட்கள் பெட்டிகளுக்கு அடியில் இருட்டில் ஊர்ந்து கிழக்கு வாயில் வழியாகத் தப்பினார்கள்.

எஞ்சின் ஓட்டுநர் டாம் மேசனின் உடலை ஒரு வாரத்துக்கும் மேல் தோண்டி எடுத்தார்கள். ஃபயர்மேன் பெஞ்சமின் மாஸ்பி கொதிநீராவியில் வெந்து வெளியே வந்து, மருத்துவமனையில் இறந்தார். இன்னும் இருவர் வரவில்லை. ரிச்சர்ட் லூயிஸ், ஹெச். ஸ்மித். இருவரும் கறுப்பினத்தவர், அன்றாடக் கூலிகள். வேறு கூலிகளும் உள்ளே இருக்கலாம் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. 1926-இல் மணலைக் கொட்டி வாயை அடைத்துவிட்டார்கள். மேற்கு வாயிலில் அந்த ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள். எஞ்சினை எடுக்க முடியுமா என்று 2006-இல் துளையிட்டுப் பார்த்தபோது உள்ளே தண்ணீர். மேலே வீடுகள் இருக்கின்றன, விட்டுவிட்டார்கள்.

ஊருக்கு இதைப் பற்றி ஒரு கதை உண்டு. தோல் தொங்க, பல் நீட்டி, ரத்தம் ஒழுகச் சுரங்கத்திலிருந்து ஓடிவந்து கல்லறைத் தோட்டத்துக்குள் மறைந்த ரத்தக்காட்டேரியின் கதை. வெந்துபோன மாஸ்பியைத்தான் அப்படி ஆக்கிவிட்டார்கள் என்கிறார்கள். காட்டேரியின் கல்லறை எது என்று கேட்டால் வழி சொல்ல ஆள் இருக்கிறது. லூயிஸுக்கும் ஸ்மித்துக்கும் கல்லறையே சுரங்கம்தான்.

ஸ்மித்தின் முதற்பெயர் என்ன? ஹென்றியா, ஹாரியா? நான் பார்த்த பதிவுகளில் எல்லாம் அந்த ஓர் எழுத்துதான். என் தாத்தா கிணறு வெட்டியவர். அவர் வேலை செய்த ஒரு பண்ணையின் பழைய கணக்கு நோட்டைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. மாடுகளுக்குப் பெயர் எழுதியிருந்தார்கள். கிணற்றுக்கு நேராக "ஆள் 6" என்றிருந்தது. அந்த ஆறில் அவர் ஒருவர். ஸ்மித்துக்கு ஓர் எழுத்தாவது மிஞ்சியது.

இந்த உரையை அச்சிடப்போகும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுத்து விட்டுப்போயிற்று என்று நினைத்து அந்த ஹெச்சுக்குப் பின்னால் எதையும் சேர்த்துவிடாதீர்கள்.