முதல் வாடகை வீடு: நிலமும் கடனும் நம் கடமையும்

(பிள்ளைப்பாக்கத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் வாடகை வீட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. அப்பிள்ளைகள் இன்று ஊதியம் பெறுகின்றனர். பெற்ற ஊதியம் நிலைத்த உடைமையாக மாறாவிடில், அடுத்த தலைமுறையின் கல்வி மீண்டும் பிறர் கையை எதிர்பார்க்க நேரிடும். ஆகவே முதல் சிறு வாடகை வீட்டை வாங்குவது எங்ஙனம், அதற்குப் பணம் தேடுவது எங்ஙனம் என்பதை இன்று ஆராய்வோம்.

நிலத்திற்கும் நமக்கும் உள்ள வரலாற்றை முதலில் நினைவுகூர வேண்டும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், 1891 இல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை விளக்கி அரசுக்கு அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமின்றி, எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தில் அவர்கள் வாழ்ந்ததை அது எடுத்துரைத்தது. அதன் விளைவாக 1892 இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஆணை பிறந்தது. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை எவருக்கும் விற்கலாகாது; அதன்பின் விற்பினும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதுவே நாம் பஞ்சமி நிலம் என வழங்குவது. நிபந்தனை ஏட்டில் இருந்தது. நிலமோ கைமாறிப் போயிற்று. அதனை மீட்கும் கிளர்ச்சியில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். காரணை என்னும் ஊரின் பெயர் அன்றுமுதல் நம் நெஞ்சில் நிற்கிறது.

வாடகை என்னும் சொல்லுக்கும் நம் வரலாற்றில் ஒரு கசப்பு உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1917 இல் வெளிநாட்டில் பயின்று திரும்பிப் பரோடா அரசின் பணியில் சேரச் சென்றபோது, அந்நகரில் அவருக்கு வீடு கொடுப்பார் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். உண்மை வெளிப்பட்டதும் தடி ஏந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. அத்தகைய பெருங்கல்விக்கும் ஓர் அறை கிடைக்கவில்லை. பின்னர் 1930களில் பம்பாய்த் தாதரில் அவர் தமக்கென எழுப்பிய 'ராஜகிருகம்' பல்லாயிரம் நூல்களைத் தாங்கிய இல்லமாயிற்று. கல்வியும் உடைமையும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி நம் ஊரின் நிலையைக் காண்போம். இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் இறுதியில் கார் உற்பத்தி தொடங்கியது. திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் பெருகின. நம் பிள்ளைப்பாக்கமும் சிப்காட் தொழிற்பூங்காவாயிற்று. தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊரில் இன்று அறைகள் விளைகின்றன. நிலத்தில் உழைத்தவர் நாம். அந்த அறைகளின் உரிமையாளருள் நம்மவர் எத்தனைபேர் என்று ஒவ்வொரு தெருவிலும் எண்ணிப் பாருங்கள்.

எனினும், ஆலை வந்தது என்பதனாலேயே வாடகை நிலைக்கும் என்று நம்பிவிடலாகாது. திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை 2006 இல் உற்பத்தியைத் தொடங்கி, உலகப் புகழ் பெற்று, 2014 நவம்பரில் மூடப்பட்டது. பல்லாயிரம் இளைஞர் வேலை இழந்தனர். அவ்வாலை பின்னர் வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்று புத்துயிர் பெற்றது உண்மை. ஆனால் வங்கித் தவணை ஐந்தாண்டு காத்திருக்குமா? மேலும், 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியின் உணவால் பலர் நோயுற்று, நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். அதன்பின் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. அது தொழிலாளருக்கு நன்மை. நாம் வரவேற்க வேண்டியதே. ஆயின் அறை வாடகையை நம்புவோர், ஓர் ஆலையை மட்டுமே நம்பும் இடத்தில் வீடு வாங்கலாகாது என்னும் பாடத்தையும் இதிலிருந்து பெற வேண்டும். பல ஆலைகளுக்கும் பேருந்துச் சாலைக்கும் கடைத்தெருவிற்கும் அருகே அமைந்த வீடே ஏற்றது.

அடுத்து ஆவணங்கள். ஐந்து செய்திகளைச் சரிபார்க்காமல் முன்பணம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

முதலாவது, மூலப்பத்திரம் தொடங்கி இன்றுவரை உள்ள பத்திரங்களின் தொடர்ச்சி. முப்பது ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று பெற்று, பத்திரங்களோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பட்டாவும் நில அளவை வரைபடமும். பத்திரத்தில் ஓர் அளவும் நிலத்தில் வேறோர் அளவும் இருப்பது நம் பகுதியில் அரிதன்று. சங்கிலி பிடித்து அளந்த பின்னரே விலை பேசுக.

மூன்றாவது, மனைப்பிரிவு அங்கீகாரம். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்தது. 2017 இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 ஆம் நாளுக்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கே அவை வழிசெய்தன. வரன்முறை ஆணை கையில் இல்லாத மனைக்கு வங்கியும் கடன் தராது.

நான்காவது, கையகப்படுத்தும் அறிவிப்பு. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997 ஆம் ஆண்டினது. அதன்கீழ் அறிவிப்புச் செய்யப்பட்ட புல எண்ணா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிக. குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

ஐந்தாவது, நிலத்தின் வகை. ஏரிப் புறம்போக்கா, பஞ்சமி நிலமா, நிபந்தனையுடன் அரசு ஒப்படைத்த மனையா என்பதை வருவாய்ப் பதிவேட்டில் காண வேண்டும். விவரம் தர மறுத்தால் 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பஞ்சமி நிலத்தை நம் வகுப்பார் அல்லாதவரிடமிருந்து வாங்குவது, நம் முன்னோரிடமிருந்து பறிக்கப்பட்டதற்கு நாமே விலை கொடுப்பதாகும். அந்நிலத்தை வாங்கலாகாது, மீட்கவே முயல வேண்டும். நமக்கு ஒப்படைக்கப்பட்ட மனையை விற்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. அவற்றை அறியாமல் கையொப்பம் இடலாகாது.

இப்போது கடன் கணக்கு. முப்பது லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடனில், வீட்டு மதிப்பின் 90 விழுக்காடு வரை வங்கி தர ரிசர்வ் வங்கி விதி இடமளிக்கிறது. இடமளிக்கிறது என்பதற்காக முழுவதும் வாங்குவது அறிவுடைமை ஆகாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பத்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. குடும்பத்துப் பெண்ணின் பெயரில் பதிவது சிக்கனம் மட்டுமன்று, நீதியும் ஆகும்.

எடுத்துக்காட்டாகப் பத்து லட்சம் ரூபாய்க்கு இரண்டு குடித்தனம் உள்ள ஒரு சிறு வீடு என்று வைத்துக்கொள்வோம். எட்டு லட்சம் கடன், 9 விழுக்காடு வட்டி, 15 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 8,114 ரூபாய், ஆண்டுக்கு 97,368. ஒரு குடித்தனத்திற்கு 4,500 என மாத வாடகை 9,000. 'தவணை போக மிச்சம் உண்டே' என்று மகிழ்ந்துவிடுகிறோம். ஆண்டில் இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் வரவு 90,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார்ப் பழுது முதலியவற்றுக்கு 12,000 போனால் மிஞ்சுவது 78,000. ஆண்டுக்கு 19,368 ரூபாய் நம் ஊதியத்திலிருந்து போட வேண்டும். அதே வீட்டுக்கு நம் சேமிப்பு நான்கு லட்சமாகி, கடன் ஆறு லட்சமானால் தவணை 6,086, ஆண்டுக்கு 73,032. அப்போது 4,968 ரூபாய் மிஞ்சும். வேறுபாட்டை உண்டாக்கியது வாடகை அன்று; முன்கூட்டிய சேமிப்பு. கடனின் காலத்தையும் கருதுக. அந்த எட்டு லட்சத்தைப் பத்தாண்டில் அடைத்தால் வட்டி மொத்தம் 4,16,000 அளவில் நிற்கும். பதினைந்து ஆண்டென்றால் 6,60,000 ஆகும்.

கையில் உள்ள முன்பணக் குறையைக் கந்துவட்டியால் நிரப்புவோர் உண்டு. மூன்று வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும். ஒரு வீட்டின் வாடகை முழுவதையும் அது விழுங்கிவிடும். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டியைத் தடை செய்திருக்கிறது. எனினும் சட்டத்தைவிட நம் பொறுமையே சிறந்த காவல். பதிவு செய்யப்படாத சீட்டுகளும் அத்தகையனவே. சங்க உறுப்பினர்கள் தம் பெயரிலேயே வங்கியிலோ அஞ்சலகத்திலோ தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கி ஐந்தாண்டு சேமிப்பது நன்று. 1974 இல் தோன்றிய தாட்கோ, முதலில் நம் மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டவே அமைக்கப்பட்டது. இன்று தொழிற்கடன் உதவிகளும் அதன்வழி வருகின்றன. ஆயின், குடியிருக்க அரசு அளித்த வீட்டையோ, தொழிலுக்கு அளித்த மானியத்தையோ வாடகை வீட்டிற்குத் திருப்பலாகாது. பின்னால் வருவோரின் வாய்ப்பை அது கெடுக்கும்.

இன்னும் ஒரு வழி உண்டு. பலருக்குப் புதிய வீடு வாங்குவதைவிட, தெளிவான பட்டா உள்ள தம் சொந்த மனையில் முறையான அனுமதியுடன் ஓர் அறையும் கழிப்பறையும் சேர்த்துக் கட்டுவதே முதற்படியாகும். மனைக்கு விலை இல்லை, பத்திரச் செலவு இல்லை, கடனும் சிறிது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் முன்னோர் வாக்கு.

நிறைவாக, வீட்டுக்காரர் ஆனபின் நம் கடமை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில், மூன்று மாத வாடகைக்கு மிகுந்த முன்பணம் கேட்கலாகாது. வருமான வரிக் கணக்கில், உள்ளாட்சிக்குச் செலுத்திய வரி போக எஞ்சிய வாடகையில் 30 விழுக்காடு கழிவும், கடன் வட்டிக்குச் சலுகையும் உண்டு. ஆகவே வாடகையை மறைக்காமல் கணக்கில் காட்டுக.

சட்டம் சொல்லாத கடமை ஒன்றும் இருக்கிறது. 'நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு?' என்று வளைத்துக் கேட்டு, விடையை அறிந்ததும் 'வீடு காலியில்லை' என்று சொல்லப்பட்ட அனுபவம் இந்த அவையில் பலர்க்கும் உண்டு. அக்கேள்வி நம் வாயிலிருந்து ஒருநாளும் எழலாகாது. மொழி தெரியாத பீகார் இளைஞனையும், இரவுப் பணி முடித்து வரும் பெண்ணையும் மனிதராக நடத்துக. நால்வர் தங்கும் அறையில் பன்னிருவரை அடைக்காதீர். காற்றும் தண்ணீரும் தாழிட்டுக்கொள்ளத்தக்க கழிப்பறையும் இல்லாத இடத்தை அறை என்று சொல்லி வாடகை பெறாதீர். பரோடாவில் அண்ணலை வெளியேற்றிய கூட்டத்தின் வழியில் அன்று, அவருக்குக் கிடைக்காமற்போன கதவைத் திறந்து வைக்கும் வழியில் நாம் நடப்போம்.

இளைஞர்களே! சங்கத்தின் பொன்விழா வரும்போது உங்கள் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை உங்கள் வீட்டு வாடகை செலுத்தட்டும். அதற்கான முதல் தவணையை இம்மாத ஊதியத்திலிருந்தே சேமியுங்கள்; முதல் வில்லங்கச் சான்றைத் துணிந்து கேளுங்கள்; படிக்கத் தெரியாத பெரியவர்களின் பத்திரங்களை அமர்ந்து படித்துச் சொல்லுங்கள். நம் சங்கம் தந்த கல்விக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

வளர்க நம் சங்கம்! ஜெய் பீம்!