மக்கள்தொகைப் பெருக்கமும் நிப்பா சொன்ன பாடமும்



பெருகிவரும் உலக மக்கள்தொகை, சுற்றுச்சூழலையும் நமது சுகாதாரத்தையும் எப்படிப் பாதிக்கும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. முதலில் சில எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1999 அக்டோபர் 12-ஆம் தேதியை, உலக மக்கள்தொகை 600 கோடியைத் தொட்ட நாளாக ஐக்கிய நாட்டுச் சபை அறிவித்தது. 2022 நவம்பர் 15-இல் அது 800 கோடியானது. 2080-களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியை எட்டி, பிறகு மெல்லக் குறையும் என்பது 2024-இல் அச்சபை வெளியிட்ட கணிப்பு.

இதைக் கேட்டதும், "எங்கோ ஏழை நாடுகளில் நிறையப் பிள்ளை பெறுகிறார்கள், அதற்கு நாம் என்ன செய்வது?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நம் மலேசியாவிலேயே நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

1998-இன் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. பலர் நினைவிழந்தனர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே படுத்த படுக்கையானவர்களோ பண்ணையில் உழைத்த பெரியவர்கள். நோய் கண்ட பன்றிகள் நெகிரி செம்பிலானுக்கு விற்கப்பட்டபோது, நோயும் அவற்றோடு லாரி ஏறிப் போனது.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சுவா காவ் பிங் இது ஒரு புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே கிருமிக்கும் வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேர் பாதிக்கப்பட்டு, ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பல குடும்பங்களின் பிழைப்பே போய்விட்டது.

கிருமி எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவால்களிடமிருந்து! காடு குறையக் குறைய அவை பழத்தோட்டங்களைத் தேடி வருகின்றன. நோய் தொடங்கியதாகக் கருதப்படும் பண்ணையில் 30,000 பன்றிகளுக்கு மேல் இருந்தன. கூடவே மாமரங்களும் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றியிடம் போனது, பன்றியிடமிருந்து கிருமி மனிதனிடம் வந்தது.

நேயர்களே, மக்கள்தொகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நகரங்கள் பெருகினால் இறைச்சியின் தேவை பெருகும். பத்துப் பன்றி வளர்த்த இடத்தில் பல்லாயிரம் வளர்ப்பார்கள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காட்டை அழிப்பார்கள். காட்டு விலங்கும் வீட்டு விலங்கும் மனிதனும் ஒரே இடத்தில் நெருங்கும்போது, கிருமிக்கு வழி திறக்கிறது.

இதில் பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் நாட்டில் பிறப்பு விகிதம், மக்கள்தொகையை நிலையாக வைத்திருக்கத் தேவையான அளவைவிட ஏற்கெனவே குறைந்துவிட்டது. ஆனால் நம் சாப்பாட்டுத் தட்டு சிறுத்திருக்கிறதா? வீணாக நாம் கொட்டும் உணவுக்கும் யாரோ காட்டை வெட்டுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அந்தப் பேரிழப்புக்குப் பிறகு, பன்றிப் பண்ணை அருகில் பழமரங்கள் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்தது. 1999-க்குப் பிறகு மலேசியாவில் நிப்பா தலைகாட்டவில்லை. வங்காளதேசத்தில் 2001 முதல் இந்நோய் அடிக்கடி வருகிறது. இரவில் வௌவால்கள் நக்கிய ஈச்ச மரச் சாற்றை, காய்ச்சாமல் குடிப்பதே அங்கு முக்கியக் காரணம். சாறு வடியும் இடத்தை மூங்கில் தட்டியால் மறைத்தால் வௌவால் நெருங்காது என்று அங்கு கண்டறிந்தார்கள். ஒரு தட்டி உயிரைக் காக்கிறது! 2018-இல் கேரளத்திலும் இந்நோய் 17 உயிர்களைப் பலிகொண்டது. எனவே இது முடிந்துபோன கதை அன்று.

இன்னும் 200 கோடிப் பேர் இந்த உலகுக்கு வரப் போகிறார்கள். அவர்கள் வருவதைத் தடுக்க நம்மால் இயலாது. அவர்களுக்கு எங்கே வீடு, எங்கே பண்ணை, எவ்வளவு காடு மிச்சம் என்பதை முடிவு செய்ய நம்மால் இயலும். உங்கள் வட்டாரத்தில் காட்டோரம் புதிய திட்டம் வரும்போது, சுகாதாரத்தைப் பற்றி யோசித்தீர்களா என்று சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பண்ணைத் தொழிலாளி ஒருவர் காய்ச்சல் என்று வந்தால் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்த நோயை முதலில் சந்திக்கப் போகிறவர் அவராகவே இருக்கலாம்.