எண்ணிக்கையும் வாய்ச்சொல்லும்



சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளியோடு அவர்தம் குடும்பத்தாருக்கும் சிகிச்சை அளித்து வருகிறது. இத்தகைய சிகிச்சையின் பயனை எவ்வாறு அறிவது? குடியாத நாட்களை எண்ணலாம். ஆயினும், குடி நின்ற பின்னும் மனைவி ஏன் அஞ்சுகிறாள் என்பதை அவள் வாய்ச்சொல்லே உணர்த்தும். அவ்வச்சத்தையே வினாவாக்கி எல்லா இல்லங்களிலும் கேட்டு எண்ணினால், ஒருத்தியின் துயரா, பலரின் துயரா என்பது விளங்கும்.

வெறும் எண்ணிக்கையை ஏந்தி, துயரைச் சாதியின் குணமென்று உரைப்போர் உண்டு. காரணத்தைக் கேட்டறிந்தவர் அவ்வாறு உரையார்.

காயல்பட்டினத்தில் நம் தெருக்களை ஆராயும் பணியை நாமே கற்போம். எண்ணுவோம், செவிசாய்த்தும் கேட்போம்.