தவறணையிலிருந்து ஆய்வுகூடத்துக்கு

(தோட்டப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். பலர் இன்னும் தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. ஆகவே நீட்டி முழக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

என் அம்மா தவறணையில் வேலை செய்தவர். இருபத்திரண்டு வருசம். தாய்ச்செடியிலிருந்து வெட்டி வந்த வாதைக் கையில் எடுத்தால், நுனியில் இளசையும் அடியில் முற்றினதையும் ஒதுக்கிவிட்டு, நடுப்பகுதியை ஓர் இலைக்கு ஒரு துண்டாகச் சாய்த்து வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார். "இது வேர் விடும், இது கறுத்துப் போயிரும்" என்று பார்த்த உடனே சொல்லுவார். புதிதாக வந்த உத்தியோகத்தரும் அம்மாவிடம் கேட்டுத்தான் கன்று பிரிப்பார். ஆனால் வேலையிலிருந்து நிற்கிற அன்றைக்கு அவர் கையில் கிடைத்த கடதாசியில் 'தொழிலாளி' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அவர் செய்த வேலைக்குப் பதியமுறை இனப்பெருக்கம் என்று பெயர் உண்டு என்பதை நான் பிறகு பாடப்புத்தகத்தில்தான் படித்தேன். அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். "பேரு என்னமோ பெருசாத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

நாம் வீ.பீ. தேயிலை என்று சொல்வது அதைத்தான். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. இன்று தலவாக்கலையில், சென். கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. நம்மில் பலர் பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போயிருப்போம், உள்ளே போயிருக்க மாட்டோம். உங்கள் மலைகளில் நிற்கிற 2023, 2025 என்ற இனங்கள் அங்கே தெரிவு செய்யப்பட்டவை. இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த 2020 வரிசை இனங்கள் ஒரே தாய்ச்செடியின் விதைகளிலிருந்து வந்தவை. அதாவது எல்லாம் அக்கா தங்கச்சிகள். அக்காளுக்குப் பிடிக்கிற நோய் தங்கச்சிக்கும் பிடிக்கலாம் அல்லவா? 1946இல் கொப்புள நோய் இந்த நாட்டுக்கு வந்து மலை மலையாகக் கொழுந்தை அழித்ததைப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதனால்தான் விஞ்ஞானிகள் இன்று செடியின் பரம்பரை அலகுகளையே பார்த்து, தூரத்துச் சொந்தங்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். உயிரியல் தொழில்நுட்பம் என்று பத்திரிகையில் வருகிறதே, அதில் இதுவும் ஒரு பகுதி.

இன்னொன்று இழைய வளர்ப்பு. சீதையம்மன் கோயிலுக்குக் கும்பிடப் போகிறீர்களே, அதே சீதாஎலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. விதை உருளைக்கிழங்குக்காக அங்கே இந்த வேலை நடக்கிறது. கிழங்குச் செடியின் நுனிக் குருத்தை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்னதாக வெட்டி, கடற்பாசி காய்ச்சி உறைய வைத்தது போன்ற ஒரு கூழில், போத்தலுக்குள் வளர்க்கிறார்கள். வைரசு நோய் இல்லாத செடி கிடைக்கும். தேயிலையை இப்படி வளர்ப்பது சுலபமில்லை. வெட்டின இடம் சீக்கிரம் கறுத்துவிடும். தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் கொடுக்கிற அதே சத்துத்தான் அங்கே வில்லன். ஆகவே தேயிலைக்கு இன்றும் அம்மாவின் கத்திதான்.

சுத்தமான கை, கூர்மையான கண், பொறுமை. போத்தலுக்குள் செடி வளர்க்கிறவர்களிடம் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். இது நம் வீடுகளில் இல்லாத சாமானா?

சரி, பிள்ளை எந்த வழியில் அங்கே போவது? உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. அதில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படித்துச் சித்தியடைந்து, போதிய வெட்டுப்புள்ளியும் எடுத்தால் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் பட்டம் படிக்கலாம். கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடத்திலும் இது உண்டு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டம் வைத்திருக்கிறது. வவுனியா, பரந்தன், பாலமுனை விவசாயப் பாடசாலைகளில் இரண்டு வருச டிப்ளோமா படிக்கலாம். விண்ணப்பம் வர்த்தமானியில் வரும், தேதி தவறவிடாதீர்கள்.

படித்த பிள்ளைக்கு மட்டும்தான் வழி என்று பெரியவர்கள் நினைக்க வேண்டாம். என்.வீ.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. வகுப்புக்குப் போகாமல், செய்து பழகிய வேலையைச் செய்து காட்டியே சான்றிதழ் பெற அதில் இடமிருக்கிறது. நாற்றுமேடை வேலைக்கும் தகைமை இருக்கிறது. என் அம்மா காலத்தில் இது இருக்கவில்லை. உங்கள் காலத்தில் இருக்கிறது.

குறை எங்கே என்றால், இவை ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஆராய்ச்சி நிலையம் ஒரு மலையில், பாடசாலை இன்னொரு மலையில், தோட்ட நிருவாகம் மூன்றாவது மலையில். எங்கள் லயத்துப் பையன் ஒருவன் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தான். அவன் போய்வரக்கூடிய தமிழ்ப் பாடசாலையில் நான் சொன்ன அந்தப் பாடம் இல்லை. ஆசிரியர் இல்லை என்றார்கள். கலைப்பிரிவில் உட்கார்ந்தான், பாதியில் விட்டான். இன்றைக்குக் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் துணி மடிக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடை வேலையும் கௌரவமான வேலைதான். ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தி, மலை மஞ்சளாகி, அந்த வருசமே தடையை விலக்கினார்களே, அப்போது மண்ணைப் பரிசோதித்து விளக்கம் சொல்ல நம் லயத்திலிருந்து ஒரு ஆள் இருந்தானா?

ஆகவே இன்று நாம் கேட்பது அதிகமில்லை. வலயத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையிலாவது உயிர்முறைமைகள் பாடமும் அதற்கு ஆசிரியரும் வேண்டும். தவறணையைப் பிள்ளைகளின் செய்முறை வகுப்புக்கு நிருவாகம் திறந்துவிட வேண்டும். வருசத்தில் ஒரு நாள் தலவாக்கலைக்கு அவர்களைக் கூட்டிப்போக வேண்டும். இந்த மூன்றையும் எழுதிய மனு மேசையில் இருக்கிறது. ஒன்று கல்விப் பணிப்பாளருக்கு, ஒன்று நிருவாகத்துக்கு, ஒன்று ஆராய்ச்சி நிலையத்துக்கு.

தேத்தண்ணி கொதிக்கிறது. குடித்துவிட்டு, போவதற்கு முன் கையெழுத்துப் போடுங்கள். தவறணையில் ஐந்து வருசத்துக்கு மேல் வேலை செய்தவர்கள் தனியாக என்னிடம் வந்து பெயர் கொடுங்கள். அடையாள அட்டை கொண்டு வராதவர்கள் நாளைக்குப் பெரட்டு முடிந்ததும் பாடசாலைக்கு வரலாம்.