மலைமேல் ஓர் அரங்கு



சிலப்பதிகாரம் பயில்வோர் பலரும் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் உண்டு. மதுரை எரியுண்டபின் வேங்கை நிழலில் வந்து நின்ற கண்ணகியைக் கண்டவர் எவர்? அரசரல்லர், புலவரல்லர், குன்றக் குறவர். அவளைத் தெய்வமெனக் கொண்டு குரவை ஆடியோரும் அவரே. கண்டதைச் சேரன் செங்குட்டுவனிடம் எடுத்துரைத்தோரும் அவரே. நகரத்தில் நிகழ்ந்த கொடுமையை ஆடிப் பாடி நிலைநிறுத்தியது மலை. அங்ஙனமிருக்க, ‘நாடகம் நகரத்தார்க்குரியது, மலையூரார்க்கு அஃது எதற்கு?’ என்று கேட்பாரைக் கண்டு நகைப்பதா, நோவதா?

பழனிமலைத் தொடர் பாடல்பெற்ற தொடர். பொதினி என்று அகநானூறு குறிக்கும் ஊரே இன்றைய பழனி. கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது. ஆயினும் வழிகாட்டிச் சுவடிகளைப் புரட்டினால், 1845இல் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் வீடு கட்டிய நாள்முதல்தான் கோடைக்கானலுக்கு வரலாறே பிறந்ததாகத் தோன்றும்! அம்மலையில் தமிழ் நாடகத்துக்கென, ஊதியம் கருதாத் தொண்டரே நடத்தும் சிற்றரங்கு ஒன்று வேரூன்ற வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வேண்டுகோள்.

அரங்கு என்றதும் பெரும்பொருள் வேண்டுமென்று மலைக்க வேண்டா. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் அளவு தந்திருக்கிறார். இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று. கோலை ஒன்றரை அடியெனக் கொண்டால் அகலம் பத்தரை அடி, நீளம் பன்னிரண்டு அடி; இரண்டடியெனக் கொண்டாலும் பதினான்கும் பதினாறுமே. ஒரு பள்ளி வகுப்பறைக்குள் அடங்கும் அளவு! புகவும் போகவும் இரு வாயில். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரை. தூணின் நிழல் ஆடுவோர்மீதும் அவையின்மீதும் விழாதவாறு விளக்கு. விளக்கின் இடம்வரை எண்ணிப் பார்த்த மொழி இது. அவ்வரங்கை அளந்த கோலும் நகரத்துத் தச்சன் செய்த கோலன்று. நெடுமலைச் சாரலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கில். அளவுகோலே மலை தந்தது.

இனித் தொண்டர் நாடகத்தின் அண்மை வரலாறு. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்தனார் நண்பர் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு அகவை பதினெட்டு. பெல்லாரிக் கிருட்டிணமாச்சாரியார் குழுவினரின் தெலுங்கு நாடகத்தைக் கண்ட கிளர்ச்சியே அதற்கு வித்து. அந்நாளில் நாடகம் ஆடுவோரைக் ‘கூத்தாடி’ என்று இழித்துரைத்தது குமுகாயம். வழக்குரைஞரும் அலுவலரும் கைப்பொருள் கொடுத்து உறுப்பினராகி மேடையேறியபோது அவ்விழிவு தளர்ந்தது. விடியவிடிய நிகழ்ந்த பாட்டு நாடகம் சில மணி நேர உரைநடை நாடகமாயிற்று. சேக்சுபியரின் ‘ஆம்லெட்’ அவர் கையில் ‘அமலாதித்யன்’ ஆயிற்று. கதையைத் தமிழாக்கியவர் தலைவன் பெயரையும் தமிழாக்கியிருக்கலாம். சபையின் பெயரிலேயே மூன்று வடசொல் நின்ற காலம் அது, என் செய்வது! அதே காலத்தில் ‘நாடகவியல்’ என இலக்கண நூல் யாத்த சூரிய நாராயண சாத்திரியார், தம் பெயரையே பரிதிமாற் கலைஞர் என மாற்றிக் காட்டினார் என்பதும் நினையத்தக்கது.

சம்பந்தனார் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். நயன்மன்ற நடுவராக இருந்துகொண்டே நடித்தார். ஆனால் அச்சபை பின்னாளில் என்னவாயிற்று? பொழுதுபோக்கு மன்றமாயிற்று. அண்ணாசாலையில் அதன் பெயர் இன்றும் இருக்கிறது. அன்றைய நாடக மேடை இல்லை. நாடகம் செய்யக் கூடினோர், கூடுவதற்காகவே கூடத் தொடங்கினால் இதுவே முடிவு.

மற்றொன்றும் எண்ணுக. சபையார் ஊதியமின்றி நடித்தனர் எனில், அவர்க்கு வேறிடத்தில் ஊதியம் இருந்தது. 1918இல் மதுரையில் சங்கரதாசு அடிகள் தொடங்கிய சிறுவர் குழுவின் பிள்ளைகளுக்கோ நாடகமே சோறு. மலையில் பூண்டு வயலிலும் காப்பித் தோட்டத்திலும் நாட்கூலிக்கு உழைக்கும் இளைஞனை நோக்கி, ‘கூலியை விட்டு ஒத்திகைக்கு வா; இது தொண்டு’ என்பது தொண்டாகாது; சுரண்டலாகும். ஒத்திகை வேலை முடிந்த மாலையில் நடத்தல் வேண்டும். அறுவடை நாளில் ஒத்திகையே வேண்டா. நாடக நாளில் கூலி இழப்போர்க்கு அவ்விழப்பை ஈடுசெய்தபின்னரே திரைக்கும் உடைக்கும் செலவிடுக. பெண்கள் இரவில் அஞ்சாது வந்து மீளத் துணை வேண்டும். இன்றேல் சம்பந்தனார் காலம்போல் ஆடவரே பெண்வேடம் பூண நேரும்.

பயிற்சிக்கும் தொலைவு போக வேண்டுவதில்லை. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் 1977இல் பேராசிரியர் இராமானுசம் நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். அடுத்த ஆண்டே மதுரையில் மு. இராமசாமியின் ‘நிச நாடக இயக்கம்’ எழுந்தது. பெயரின் முதற்சொல் வடசொல்லாயினும் அவர் ஆடியது தமிழர் தெருவில், தமிழில்.

மொழி பற்றித் தூய தமிழன்பர்க்கு ஒரு சொல். மலைமேடையில் தூய தமிழ் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பண்டிதர் வீட்டில் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அது மேடையேறிய பாடநூல். பளியரும் புலையரும் குன்னுவரும் மரத்துக்கும் தேனுக்கும் விலங்குக்கும் மழைக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதிக் கொள்ளுங்கள். அகரமுதலியில் தேடிக் களைத்த பொருளுக்கு அவர் நாவில் சொல் இருக்கக்கூடும். முதல் நாடகமாகக் குன்றக் குரவையையே எடுக்கலாம்: மலைமக்கள் சிலர், எங்கிருந்தோ வந்த ஒரு பெண், ஒரு வேங்கை மரம். அவளை நோக்கி ‘நீ யார்?’ என்று கேட்கும் வரியை எந்தச் சொல்லில் கேட்பது என்பதை, அவ்வூர் முதுமகள் ஒருத்தியே முடிவுசெய்யட்டும்.