நல்ல கண்ணும் வன்கண்ணும்



பத்தாண்டுகளாகச் சொல்லின் பொருளையும் சுவையையும் ஆய்ந்துவரும் அவை இது. ஆதலின், சமயக் கொள்கைகளுள் புகாமல், ஒரேயொரு சொற்றொடரைப் பற்றி மட்டும் பேச விழைகின்றேன். அது இயேசு பெருமானின் மலைப்பொழிவில் வருவது. மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் அவர் கண்ணை உடலுக்கு விளக்காக உருவகிக்கின்றார்; நல்ல கண் தரும் ஒளியையும் கெட்ட கண் தரும் இருளையும் எதிரெதிரே நிறுத்துகின்றார்.

இதனைக் கேட்டவுடன் நம் உள்ளம் எங்கே செல்கிறது? அகக்கண், ஞானக்கண் என்னும் சொற்களோடு வளர்ந்தவர்கள் நாம். எனவே உட்பார்வையின் தெளிவைத்தான் அவர் குறிக்கிறார் என்று எளிதில் கொள்கிறோம். ஆயின் அவ்வுருவகம் அமைந்த இடம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அதற்கு முன்னே, மண்ணுலகில் செல்வம் சேர்த்து வைப்பதைப் பற்றிய எச்சரிக்கை. அதற்குப் பின்னே, கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய இயலாது என்னும் அறிவுரை. பணத்தைப் பற்றிய இரு பேச்சுகளுக்கு நடுவே கண்ணுக்கு என்ன வேலை?

விடை எபிரேய மொழியில் இருக்கிறது. நற்செய்திகள் நமக்குக் கிரேக்கத்தில் கிடைத்துள்ளன. ஆனால் இயேசு கலிலேயாவின் யூதர், அரமேயம் பேசியவர், எபிரேயத் திருநூல்களில் தோய்ந்தவர். அந்நூல்களின் மரபில் 'நல்ல கண்' என்றால் ஈகை. 'தீய கண்' என்றால் கருமித்தனம். இது பார்வையைப் பற்றிய பேச்சே அன்று. கொடுப்பதைப் பற்றிய பேச்சு. நீதிமொழிகள் நூல், ஏழைக்குத் தன் உணவில் பங்கு தருபவனை நல்ல கண்ணுடையவன் என்று போற்றுகிறது. செல்வத்துக்குப் பதறி அலைபவனைத் தீய கண்ணுடையவன் என்று இகழ்கிறது. கடன்களை விட்டுவிட வேண்டிய ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று எண்ணி ஏழைச் சகோதரனுக்குக் கைகொடுக்க மறுப்பதையும், உபாகமம் 15-ஆம் அதிகாரம் கண்ணின் தீமையாகவே கூறுகிறது.

இவை இயேசுவுக்கு முந்தியவை. பிந்தியதற்கும் சான்று உண்டு. ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத்தொகுப்பு, விளைச்சலில் குருக்களுக்குரிய காணிக்கையை அளவிட்டுச் சொல்கிறது. தாராளமானவன் 40-இல் ஒரு பங்கு தருவான். நடுத்தரமானவன் 50-இல் ஒன்று. கருமி 60-இல் ஒன்று. இம்மூவரையும் அந்நூல் சுட்டும் சொல் என்ன தெரியுமா? அழகிய கண், நடுத்தரக் கண், தீய கண்! கண்ணின் நலத்தைத் தானியக் குவியலில் அளந்து காட்டிய பண்பாடு அது. முன்னும் பின்னும் இவ்வழக்கு வாழ்ந்திருக்க, இடையில் பேசிய இயேசுவின் சொல்லை அவர்தம் மக்கள் வேறெப்படிக் கேட்டிருப்பர்?

உருவகத்தின் அழகும் இப்போது புலப்படுகிறது. ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் புகுகிறது என்பது நம் அறிவு. பண்டை உலகில் பலர் கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதாகக் கருதினர். அதனாற்றான் கண் சாளரம் ஆகாமல் விளக்கு ஆயிற்று. விளக்கின் இயல்பு தருவது. தராத விளக்கு இருந்தென்ன பயன்?

கிரேக்கத்தில் நல்ல கண்ணுக்கு 'ஹப்லூஸ்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. 'ஒருமையானது', 'கபடற்றது' என்பன அதன் பொருள். அதன் கிளைச்சொல்லைப் பவுலடிகளார் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் மடலில் வள்ளன்மைக்கு ஆள்கிறார். ஆகவே தெளிவு என்னும் பொருளை முற்றிலும் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஆனால் தெளிவு நின்று ஈகை மறைந்தால், ஒரு கட்டளை தியானமாகச் சுருங்கிவிடுகிறது. பூட்டிய களஞ்சியத்தின் முன் அமர்ந்து கண்மூடித் தியானிப்பவனும், தன் கண் தெளிவாயிருப்பதாக நிறைவுகொள்ளலாம். எபிரேயச் செவியோடு கேட்பவனுக்கு அந்த வசதி இல்லை.

நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். திருச்சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பைப் பாருங்கள். நீதிமொழிகளில் அவர்கள் 'கருணைக்கண்ணன்' என்றும் 'வன்கண்ணன்' என்றும் எழுதினார்கள். எபிரேயரின் கண்ணையும் விடவில்லை. தமிழின் பண்பையும் விடவில்லை. திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையில், பிறர்க்குக் கிடைத்ததைக் கண்டு பொறாதவனிடம் தோட்ட முதலாளி கேட்கும் கேள்வியிலும் 'வன்கண்ணன்' வருகிறான். ஆனால் மலைப்பொழிவுக்கு வந்ததும், கண் 'தெளிவு' என்றும் 'கெட்டது' என்றும் ஆகிவிட்டது. வன்கண்ணன் அங்கே இல்லை; அவனோடு ஏழையும் போய்விட்டான். ஒரே நூலில், ஒரே மரபுத்தொடர், ஓரிடத்தில் உயிரோடும் மற்றோரிடத்தில் உயிரற்றும் நிற்கிறது.

கவிஞர்களே, இத்தகைய இழப்பு மொழிபெயர்ப்பில் மட்டும் நேர்வதன்று. திருக்குறளின் 58-ஆம் அதிகாரம் 'கண்ணோட்டம்'. வள்ளுவர்க்கு அது இரக்கம். பிறர்மேல் ஓடிச்சென்று கசியும் கண். இன்று நாம் அரசியல் கண்ணோட்டம் என்கிறோம், இலக்கியக் கண்ணோட்டம் என்கிறோம். இரக்கம் கழன்றுவிட்டது, பார்வை மட்டும் எஞ்சியிருக்கிறது. கலிலேயாவின் நல்ல கண்ணுக்கு நேர்ந்ததே நம் கண்ணோட்டத்துக்கும் நேர்ந்திருக்கிறது.

ஒரு போதனையை அது பிறந்த மண்ணில் வைத்துப் பார்ப்பது பழமையைப் போற்றுவதற்காக மட்டும் அன்று. அது நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை அறிவதற்காக. இயேசுவின் இவ்வுருவகம், நீ எவ்வளவு தெளிவாகக் காண்கிறாய் என்று கேட்கவில்லை. நாற்பதில் ஒன்றா, அறுபதில் ஒன்றா என்று கேட்கிறது.