வேண்டுவன எழுதும் ஏடு



மனிதனுடைய தேவைகள் சில, விருப்பங்கள் பல. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இல்லறம் நடத்துவார்க்கு வேண்டிய முதற் கல்வி. நம் தாய்மார் சந்தைக்குப் போகுமுன் சாமான் துண்டு எழுதிய வழக்கம் இக்கல்வியின் பாற்பட்டதே. சுன்னாகச் சந்தையிலும் அச்சுவேலிச் சந்தையிலும் கண்ணிற் பட்டதெல்லாம் கைக்கு வாராதபடி காத்தது அந்தச் சிறு காகிதத் துண்டு. இன்று சந்தை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அந்தத் துண்டு எங்கே போயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வேண்டிய பொருள்களை எழுதி மற்றவர் அறிய வைக்கும் முறை மேனாட்டிலும் புதியதன்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில், மார்ஷல் பீல்ட் என்னும் பெருங்கடை 1924 ஆம் ஆண்டில் மணமக்களுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. மணமக்கள் தமக்கு வேண்டிய பாத்திர பண்டங்களை அதிற் பதிந்து வைப்பர். உறவினர் பார்த்து வாங்கிக் கொடுப்பர். ஒருவர் வாங்கியதையே மற்றொருவரும் வாங்கி வீணாக்குதல் இதனால் தவிர்ந்தது. இணையக் கடைகள் தோன்றியபோது இம்முறையும் உடன் வந்தது. பொருளின் படத்தருகே உள்ள இதயக் குறியைத் தொட்டால், அது நமது விருப்பப் பட்டியலிற் சேர்ந்துவிடுகிறது.

ஆயின், இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒவ்வொரு கடையின் பட்டியலும் அந்தக் கடையின் மதிலுக்குள்ளேயே நிற்பது. நம் நாட்டின் கப்ருக ஒன்று; 2016 இல் இங்கு வந்த டராஸ் மற்றொன்று; கடல் கடந்த அமேசான் வேறொன்று. ஒன்றிற் குறித்தது மற்றொன்றுக்குத் தெரியாது. ஒரு வீட்டின் தேவை இவ்வாறு பல துண்டுகளாய்ச் சிதறிப் போகிறது.

இதனை எங்கள் மயிலிட்டியை வைத்தே விளக்கலாம். போரினால் 1990 ஆம் ஆண்டில் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலையில், மீன்பிடித் துறைமுகமும் ஊரின் ஒரு பகுதியும் மக்களிடம் மீண்டன. திரும்பி வந்தோர் கண்டது பெரும்பாலும் பற்றை மூடிய நிலமும் இடிந்த சுவருமே. வீடு கட்டும் ஒரு குடும்பத்துக்கு நீர் இறைக்கும் மோட்டர் வேண்டும், மின்விசிறி வேண்டும், தையல் இயந்திரம் வேண்டும், தொழிலுக்கு வலை வேண்டும், படிக்கும் பிள்ளைக்கு மேசை விளக்கு வேண்டும். ஒரு சகோதரர் ரொறன்ரோவில் இருக்கிறார், இன்னொருவர் இலண்டனில், மூன்றாமவர் கொழும்பில் என்று கொள்வோம். மூவரும் அன்புடையவர்களே. ஆயினும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாவிடின், மூன்று றைஸ் குக்கர்கள் வந்து சேரும், மோட்டர் வாராது. அன்பு குறைந்ததனால் அன்று, ஒழுங்கு குறைந்ததனால் நேரும் குறை இது.

இக்குறையை நீக்கவே பல கடைகளுக்கும் பொதுவான பட்டியற் கருவிகள் தோன்றின. இவை உலாவியோடு பொருத்தப்படும் சிறு பொத்தான்கள் எனலாம். ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினால், பெயர், படம், விலை, முகவரி ஆகியவற்றைக் கருவியே எடுத்துப் பட்டியலில் எழுதிவிடும். எவ்வாறெனில், கணினி படிப்பதற்கென்றே சில மறைகுறிகளைக் கடைக்காரர் பக்கத்தினுள் எழுதி வைக்கின்றனர். இக்குறிகளுக்குப் பொது இலக்கணம் வகுக்கும் முயற்சியைப் பெரிய தேடற்பொறி நிறுவனங்கள் 2011 இல் ஒன்றுகூடித் தொடங்கின. குறிகள் இல்லாத சிறுகடைகளின் பக்கங்களில் இக்கருவிகள் தடுமாறும். அங்கே நாமே எழுதிச் சேர்த்தல் வேண்டும். சில கருவிகளில், ஒருவர் ஒரு பொருளைத் தாம் வாங்குவதாகக் குறித்தால் ஏனைய உறவினர்க்கு அது தெரியும். பெறுபவருக்கு மட்டும் மறைந்திருக்கும்.

இவற்றை முழுதும் நம்பியிருத்தல் தகுமோ எனின், தகாது என்பேன். காரணங்கள் மூன்று.

முதலாவது, கருவிக்கு ஆயுள் உறுதியன்று. பிற கடைப் பொருள்களையும் தன் பட்டியலிற் சேர்க்க உதவிய கருவியை, அமேசான் நிறுவனமே 2023 இல் நிறுத்திவிட்டது.

இரண்டாவது, எழுதிய விலை நிலைப்பதன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாயை நெருங்கியது. மார்ச்சிற் குறித்த விலையை மே மாதத்திற் படித்தவர்க்கு அந்தப் பட்டியல் பழங்கதையாயிற்று. மேலும், பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வருவிக்கும் பொருளுக்குச் சுங்கமும் அனுப்புகூலியும் கூடும். ஆகவே, விலையோடு அதனைக் குறித்த தேதியையும் எழுதாத பட்டியல் பயன் தாராது.

மூன்றாவது, இலவசமாய்க் கிடைக்கும் கருவி நமக்காக மட்டும் உழைப்பதன்று. நாம் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பதை அதுவும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். விலை குறைந்தது, வாங்குக என்று அது தட்டி எழுப்புவதும் விற்பவர் நலத்தையும் கருதியே.

ஆதலின், எளியதொரு வழியைச் சொல்கிறேன். கூகுள் விரிதாள் போன்ற பொது ஏடு ஒன்றைக் குடும்பத்தில் ஒருவர் திறந்து மற்றவரோடு பகிரலாம், இதற்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். அதில் ஏழு நிரல்கள் போதும். பொருளின் பெயர், அது தேவையா விருப்பமா என்பது, கடையும் அதன் முகவரியும், அனுப்புகூலி உட்பட்ட விலை, விலை குறித்த தேதி, ஊர்க்கடையிற் கிடைக்கும் விலை, வாங்குவதாக ஏற்றவர் பெயர். ஆறாவது நிரலை யாரும் மறத்தலாகாது. மோட்டர் பழுதானால் திருத்திக் கொடுப்பவர் சுன்னாகத்துக் கடைக்காரரேயன்றி, கடல் கடந்த கடைக்காரர் அல்லர்.

இரண்டாம் நிரலே இவ்வேட்டின் உயிர். விருப்பம் என்று எழுதிய பொருளை ஒரு மாதம் அப்படியே இருக்க விடுங்கள். மாதம் கழிந்தும் வேண்டுமென்று தோன்றினால் வாங்குவது பற்றிக் கூடிப் பேசலாம். வீட்டு விலாசம், வங்கி அட்டை எண் முதலியவற்றை ஏட்டில் எழுதாதீர்கள். அதன் இணைப்பைக் குடும்பத்தார்க்கு அன்றிப் பிறர்க்கு அனுப்பாதீர்கள்.

ஒன்று கேட்கலாம்: உறவினரிடம் பட்டியல் நீட்டுதல் இரத்தலாகாதோ? அவ்வாறன்று. வேண்டியதை மட்டும் வெளிப்படையாய் எழுதி, வேண்டாததை வேண்டாம் என்று மறுக்கும் உரிமையையும் நாமே வைத்துக்கொள்ளுதல் மானமுடைய செயல். அனுப்புவோரும் அங்கே இரவு பகலாக உழைத்தே அனுப்புகின்றனர். அவர் உழைப்பு வீணாகாமற் காப்பதும் நன்றியின் ஒரு கூறு.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தைக் கற்பியுங்கள். வீட்டு ஏட்டில் அவர்களும் ஒரு வரி எழுதட்டும். எதிரே தேவை என்றோ விருப்பம் என்றோ தாமே குறிக்கட்டும். அவ்வொரு சொல்லை எழுதத் தயங்கும் நேரத்திலே அவர்கள் கற்கும் பொருளியல், எந்தப் பாடநூலினும் சிறந்ததாகும்.